இச்சிரோ டீச்சரிடம் கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரைப் பக்கத்து மைதானம் ஒன்றில் பின்னேரங்களில் பெண் பிள்ளைகளுக்கு எல்லே என்ற தடியும் பந்தும் கொண்ட விளையாட்டைப் பழக்குகிறேன். பகலில் உடற்கல்வி ஆசிரியை. பயிற்சி முடிந்து சவுக்கு மரத்தடியில் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நான் சொல்கிற கதைகளில் பாதி, இச்சிரோ சுசுகி என்ற ஜப்பானிய பேஸ்போல் வீரரைப் பற்றியவை. கேட்ட பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தாய் தகப்பன்மார் சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும் என்னை மறித்துக் கேட்கிறார்கள். சிலர் "இச்சிரோ டீச்சர்" என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஒரே பதிலைப் பல பேருக்குச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேஸ்போல் எங்கட எல்லே மாதிரியா டீச்சர்?

சொந்தக்காரர் என்று சொல்லலாம். எல்லேயில் தடியால் டெனிஸ் பந்தை அடிக்கிறோம், மூன்று வாய்ப்பு, அடித்தால் ஓட்டம். ஓடுகிறவள் மீது பந்தை எறிந்து பட்டால் அவுட். பேஸ்போலில் பந்து நல்ல இறுக்கம், ஆள் மேல் எறிய முடியாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவரைத் தொட வேண்டும், இல்லையென்றால் அவர் ஓடிச் சேர வேண்டிய இடமான தளத்துக்கு அவருக்கு முன் பந்து போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், மூன்று அவுட்டோடு ஆட்டம் மறுபக்கம் மாறும். தளத்துக்குத் தளம் 90 அடி, ஏறக்குறைய 27 மீற்றர்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு விஷயம் புதிது. கிரிக்கெட்டில் பந்தைத் தட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கலாம். பேஸ்போலில் பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். பத்துத் தரம் அடிக்க வந்து மூன்று தரம் நல்ல அடி அடித்துத் தளம் சேர்ந்தாலே (இந்த அடிக்கு ஹிட் என்று பெயர்) அவர் நல்ல வீரர். மற்ற ஏழு தரமும் தலையைக் குனிந்து திரும்பி வர வேண்டியதுதான்.

இச்சிரோ யார்? பரீட்சைக்கு எழுதுற மாதிரி சுருக்கமாச் சொல்லுங்க.

1973 ஒக்டோபர் 22இல் ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் பிறந்தவர். 1992 முதல் 2000 வரை ஜப்பானில் ஒரிக்ஸ் அணி. 2001இல் அமெரிக்காவின் சியாட்டில் மரினர்ஸ் அணிக்குப் போனார். போன முதல் வருடமே சிறந்த புதுமுகம், மிகப் பெறுமதியான வீரர் என்ற இரண்டு விருதும் அவருக்கு. பிறகு நியூயோர்க், மயாமி, கடைசியில் திரும்பவும் சியாட்டில். அமெரிக்காவில் 3,089 ஹிட், ஜப்பானில் 1,278, மொத்தம் 4,367. 2001 முதல் 2010 வரை பத்து வருடம் தொடர்ந்து, வருடத்துக்கு 200 ஹிட்டுக்குக் குறையவில்லை. அதே பத்து வருடமும் சிறந்த களத்தடுப்பாளருக்கான தங்கக் கையுறை விருதும் அவரிடம்தான். 2025இல் அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்போல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். வாக்களித்த 394 பேரில் 393 பேர் ஆம் என்றார்கள்.

உங்களுக்கு அவரை எப்படித் தெரியும்?

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளை பாவித்து முடித்த பேஸ்போல் கையுறை ஒன்றைப் பார்சலில் போட்டு அனுப்பினான். கூடவே இச்சிரோ விளையாடிய ஆட்டங்களின் வீடியோக்களும். எல்லே பழக்குகிறவளுக்கு உதவும் என்று நினைத்திருப்பான். முதல் வீடியோவிலேயே நான் பிடிபட்டுப் போனேன். 2001 ஏப்ரல், ஓக்லண்ட் அணியோடு ஆட்டம். வலப்பக்கம் தூரத்தில் நின்ற இச்சிரோ தரையில் வந்த பந்தை எடுத்து, மூன்றாம் தளத்துக்கு ஒரே வீச்சில் எறிகிறார். பந்து நிலத்தில் படவில்லை. ஓடிவந்த வீரர் சறுக்கி விழுந்தபோது பந்து அங்கே அவருக்காகக் காத்திருந்தது. அந்த எறியை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

மட்டக்களப்புக்கு பேஸ்போல் எப்பவாவது வந்ததா?

வரக்கூடிய வழி ஒன்று இருந்தது. புனித மிக்கேல் கல்லூரியைப் பல காலம் நடத்தியவர்கள் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்து அமெரிக்க இயேசு சபைத் துறவிகள். நகரத்து வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான ஹரோல்ட் வெபர் அடிகளாரின் பெயரில்தான் இருக்கிறது. அவர்கள் நமக்குத் தந்துவிட்டுப் போன அமெரிக்க விளையாட்டு கூடைப்பந்து. அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிய யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமற் போனார். இந்த ஊரில் பந்தைத் தொடுகிற யாரும் அந்தப் பெயரை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன், அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பேஸ்போல் இங்கே வேர் விடவில்லை. எல்லே இருக்கிறது, அது போதும்.

என்ட மகள் மெலிஞ்ச புள்ள. அவளால தூரத்துக்கு அடிக்க ஏலாது. எடுப்பீங்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இதற்காகவே இச்சிரோ கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

2004இல் அவர் ஒரே பருவத்தில் 262 ஹிட் அடித்தார். 84 வருடமாக நின்ற சாதனை அதோடு உடைந்தது. அந்த 262இல் 225, ஒரே ஒரு தளம் மட்டும் ஓடக்கூடிய சின்ன அடிகள். பந்தைச் சுவருக்கு மேலால் அனுப்பியது எட்டுத் தரம்தான். அந்தக் காலத்து அமெரிக்க பேஸ்போலில் தோள் பெருத்த ஆட்கள் பந்தை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒல்லியான மனுசன். பந்தை ஆளில்லாத இடைவெளி பார்த்து நிலத்தோடு தட்டிவிட்டு ஓடினார். முதல் தளத்துக்கு நான்கு செக்கனுக்குள் போய்விடுவார். வலக்கைப் பழக்கம் உள்ளவர், சின்ன வயதிலேயே இடப்பக்கம் நின்று அடிக்கப் பழகியிருந்தார். இடப்பக்கம் நிற்பவருக்கு முதல் தளம் இரண்டு அடி கிட்ட. அடித்து முடிக்கும்போதே உடம்பு ஓடத் தொடங்கியிருக்கும்.

நம்மிடம் அணி தெரிவு என்றால் என்ன நடக்கிறது? பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு மூன்று பந்து போட்டு, யார் தூரம் அடிக்கிறாள் என்று பார்க்கிறோம். தூரம் போகாத பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். எட்டாம் வகுப்பில் நானும் அப்படி ஒரு தரம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். இப்போது நான் பார்ப்பது வேறு. பந்து தடியில் பட்டதும் அவள் கால் எப்போது கிளம்புகிறது? பந்தைப் பார்த்து நிற்கிறாளா, ஓடுகிறாளா? போன வருடம் என் அணியில் அதிக ஓட்டம் எடுத்த பிள்ளைக்கு என் தோள் உயரம்கூட இல்லை. அனுப்பி வையுங்கள்.

கோச் சொல்றதும் தன்ட உடம்பு சொல்றதும் வேற வேறயா இருந்தா என்ன செய்யிறது?

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டது. என்னைக் குத்திய கேள்வி.

ஒரிக்ஸ் அணி இச்சிரோவை நான்காவது சுற்றில்தான் தெரிவு செய்தது. அவர் அடிக்கும் விதம் விநோதமானது. வலக்காலைத் தூக்கி ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டு, உடம்பை முன்னுக்குக் கொண்டுபோய் அடிப்பார். அப்போதிருந்த முகாமையாளருக்கு அது பிடிக்கவில்லை. முதல் இரண்டு வருடத்தில் பெரும்பகுதி இரண்டாம் நிலை அணியில்தான் போனது. 1994இல் அகிரா ஓகி என்பவர் பொறுப்புக்கு வந்தார், உன் விருப்பப்படி அடி என்று விட்டார். அந்த வருடம் 130 ஆட்டத்தில் 210 ஹிட். ஜப்பானில் ஒரு பருவத்தில் 200ஐத் தாண்டிய முதல் ஆள் அவர்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை தடியை நுனியில் பிடிக்காமல் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்து அடிப்பாள். நான் மாற்றினேன். புத்தகத்தில் இருப்பதுபோல் பிடிக்கவைத்தேன். அவளுக்கு அடி வரவில்லை. ஒரு தவணைக்குப் பிறகு விளையாட்டையே விட்டுவிட்டாள். அவள் என்னைக் கண்டால் இப்போதும் சிரித்துக் கதைப்பாள், எனக்குத்தான் நெஞ்சு பாரமாகும். ஆகவே பதில் இது: கோச் சொல்வதை மூன்று கிழமை செய்து பார். மறுகா என்னிடம் வந்து "டீச்சர், இது எனக்குச் சரிவரல்ல" என்று சொல். நான் கோபிக்க மாட்டேன்.

அணி தோத்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் மட்டும் சாதனை படைக்கிறது சுயநலம் இல்லையா?

அமெரிக்காவிலும் கேட்டார்கள். 262 ஹிட் அடித்த 2004இல் சியாட்டில் அணி 63 ஆட்டம் வென்று 99 ஆட்டம் தோற்றது. மூன்று வருடத்துக்கு முன் இதே அணி 116 ஆட்டம் வென்றிருந்தது. அதற்குப் பிறகு இறங்குமுகம். இச்சிரோ தன் கணக்கைக் கூட்டிக்கொண்டிருக்கிறார் என்று சிலர் எழுதினார்கள்.

நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். தோற்கிற அணியில் விளையாடுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பாடசாலை அணி ஒரு வருடம் வலய மட்டத்தில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. நான்காவது ஆட்டத்தில் எங்களில் சிலர் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினோம். எப்படியும் தோல்விதானே, எதற்கு நெஞ்சு வெடிக்க ஓட வேண்டும் என்று. அதைக் கண்ட சின்னப் பிள்ளைகளும் ஓடுவதை நிறுத்தினார்கள். அந்தத் தொற்று வேகமாகப் பரவும். 99 தோல்விக்கு நடுவில், தரையில் உருண்ட ஒவ்வொரு பந்துக்கும் முதல் தளம்வரை முழு மூச்சாக ஓடுகிற ஒருவர் இருந்தால், மற்றவர்கள் நடக்க வெட்கப்படுவார்கள். பாயில் படுத்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் எழும்பி முற்றம் கூட்டினால் நம்மால் படுத்திருக்க முடியுமா? அணிக்கு அவர் கொடுத்தது அது. சுயநலம் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

எதிரணியை எப்படி நினைக்கணும்? எங்களுக்குக் கோபம் வருதே.

வரட்டும், ஆட்டம் முடியும்வரை. 1920இல் ஜோர்ஜ் சிஸ்லர் என்பவர் ஒரு பருவத்தில் 257 ஹிட் அடித்தார். 2004 ஒக்டோபர் 1ஆம் திகதி இச்சிரோ அதைத் தாண்டினார். சக வீரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். சிஸ்லர் எப்போதோ இறந்துவிட்டார், அவருடைய வயதான மகள் பார்வையாளர் வரிசையில் இருந்தார். இச்சிரோ அந்தப் பக்கம் போய்த் தலைகுனிந்து கை கொடுத்தார். ஐந்து வருடம் கழித்து, 2009இல், சென் லூயிஸ் நகருக்குப் போனபோது மனைவியோடு சிஸ்லரின் கல்லறையைத் தேடிப்போய்ப் பூ வைத்தார்.

சிஸ்லரின் காலத்தில் பருவத்துக்கு 154 ஆட்டம், இச்சிரோ 161 ஆட்டம் விளையாடினார், ஆகவே சாதனை செல்லாது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கில் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கல்லறைப் பயணம். தான் வென்ற ஆளை, செத்து 30 வருடத்துக்கு மேலான ஆளை, போய்ப் பார்க்கத் தோன்றிய மனம்.

சக வீரர்களோட எப்படி?

சின்னச் சின்னதாகப் பார்த்தால்தான் இது விளங்கும். சியாட்டிலில் அவருக்கு 51ஆம் இலக்கச் சட்டை கிடைத்தது. அதற்கு முன் அதை அணிந்தவர் ரண்டி ஜோன்சன் என்ற பெரிய பந்தெறியாளர். அந்த இலக்கத்துக்கு இழுக்கு வராமல் பார்த்துக்கொள்வேன் என்று இச்சிரோ அவருக்குச் செய்தி அனுப்பினார். நியூயோர்க் அணிக்குப் போனபோது அங்கே 51 பேர்னி வில்லியம்ஸ் அணிந்த இலக்கம். அதை எடுக்காமல் 31ஐ எடுத்துக்கொண்டார்.

அந்த இடமாற்றம் நடந்தது 2012 ஜூலை 23. நியூயோர்க் அணி அன்று சியாட்டிலில்தான் ஆட வந்திருந்தது. பதினொரு வருடத்துக்கு மேல் தன் வீடாக இருந்த மைதானத்தில், அன்று பின்னேரமே எதிரணிச் சட்டையோடு அடிக்க வந்தார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். மறுகா ஒரு ஹிட்டும் அடித்தார்.

அவர் எப்போதும் இறுக்கமான ஆள் என்று நினைக்காதீர்கள். 2009இல் கென் கிரிஃபி ஜூனியர் சியாட்டிலுக்குத் திரும்பி வந்தார். இச்சிரோ இளமையிலிருந்து பார்த்து ரசித்த வீரர். அவர் உடைமாற்றும் அறையில் இச்சிரோவைப் பிடித்துக் கிச்சுக்கிச்சு மூட்டுவார், இவர் நிலத்தில் விழுந்து சிரிப்பார். 2019 மார்ச் 21, ரோக்கியோவில், 45 வயதில் கடைசி ஆட்டம். நடுவில் அவரை வெளியே அழைத்தார்கள். ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து வந்தபோது, அன்றைய ஆட்டத்தைத் தொடங்கிப் பந்தெறிந்த இளம் ஜப்பானியர் யூசெய் கிக்குச்சி தேம்பி அழுதார். அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் ஒரு சத்தமும் இருக்காது.

கோபே நகரத்துக் கதையை ஏன் ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்றீங்க?

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46. கோபேயில் பூமி அதிர்ந்து 6,400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரிக்ஸ் அப்போது அந்த நகரத்து அணி. அந்த வருடம் வீரர்கள் சட்டைக் கையில் "தளராதே கோபே" என்ற கருத்துள்ள வாசகத்தைத் தைத்துக்கொண்டு ஆடினார்கள். வீடு இழந்த சனம் வந்து பார்த்தது. அந்த வருடம் பசிபிக் லீக்கை வென்றார்கள். அடுத்த வருடம் ஜப்பான் முழுவதற்குமான கிண்ணத்தையும் வென்றார்கள்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26இல் நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் எல்லே அணியில் இரண்டு பேர் அந்தக் காலையோடு போனார்கள். ஒருத்தி எனக்கு அடுத்ததாக அடிக்க வருகிறவள். நாங்கள் இருந்த முகாமில் ஒரு பின்னேரம் யாரோ ஒரு தடியையும் பழைய பந்தையும் எடுத்து வந்தார்கள். "செத்த வீட்டுக்குள்ள விளையாட்டு என்னகா?" என்று ஒரு அம்மா சத்தம் போட்டார். மூன்று பேரப்பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு அம்மம்மா சொன்னார்: "ஓடட்டும் விடு புள்ள. ஓடினாத்தான் மூச்சு வரும்." நாங்கள் ஓடினோம். எனக்கு அடுத்தவள் வரவேண்டிய முறை வந்தபோது எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு அதற்கு அடுத்தவள் தடியை எடுத்தாள்.

அதனால்தான் டிசம்பரில் சொல்கிறேன்.

எங்கட பிள்ளையையும் வருசம் முழுக்கப் பழக்கினா அப்படி வருவாளா?

பன்னிரண்டு வயதில் எழுதிய பாடசாலைக் கட்டுரையில், வருடத்தில் 360 நாள் கடும் பயிற்சி செய்கிறேன் என்று இச்சிரோ எழுதியிருக்கிறார். பழக்கியவர் தகப்பன். இதைச் சொன்னதும் சில அப்பாமாரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வருகிறது. பொறுங்கள். பெரியவரான பிறகு இச்சிரோ அந்த நாட்களை இனிமையாக மட்டும் நினைவுகூரவில்லை. பிள்ளைக்கு ஒரு கிழமையில் மூன்று பின்னேரம் போதும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் அதுவும் வெயில் தணிந்த பிறகு. மற்ற நாட்களில் அவள் படிக்கட்டும், தூங்கட்டும்.

உலகக் கிண்ணம் வென்றவரா?

அமெரிக்க இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் ஆடும் வாய்ப்பு ஒருநாளும் கிடைக்கவில்லை. நாடுகளுக்கிடையிலான கிண்ணத்தை ஜப்பானோடு 2006, 2009 இரண்டு தரமும் வென்றார். 2009 தொடர் முழுக்கத் தடுமாறினார். கொரியாவுடன் இறுதியாட்டம், பத்தாவது இன்னிங்ஸ், சமநிலை. அவருடைய ஒரு அடிக்கு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். சியாட்டில் அணிக்குத் திரும்பியதும் வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிவது தெரிந்தது. எட்டு ஆட்டம் ஆடாமல் இருக்க வேண்டி வந்தது. அந்த வருடமும் 225 ஹிட்.

அவருடைய வாழ்க்கையில் உங்களுக்குப் பிடித்த ஆட்டம் எது?

ஓய்வுபெற்ற பிறகு நடந்தது. 2021 டிசம்பர், கோபே. ஜப்பானின் உயர்நிலைப் பாடசாலைப் பெண்களின் தெரிவு அணி ஒரு பக்கம். இச்சிரோவும் அவர் நண்பர்களும் மறுபக்கம். 48 வயது. அவரே பந்தெறிந்தார். ஒன்பது இன்னிங்ஸும், 147 பந்து, முழு வேகம். பெண்களுக்கு ஒரு ஓட்டம்கூடக் கிடைக்கவில்லை. 1–0. தோற்ற பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், அப்படி ஒரு மகிழ்ச்சி.

எனக்குப் பத்தொன்பது வயதில், ஒரு சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா. ஆண்கள் அணியோடு எங்களை ஆடவிட்டார்கள். அவர்கள் பந்தை உருட்டிவிட்டார்கள். பிடிக்கக்கூடிய பந்தைச் சிரித்துக்கொண்டே கைவிட்டார்கள். ஒலிபெருக்கியில் பகிடி. நாங்கள் வென்றோம் என்று அறிவித்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி தந்தார்கள். அந்த வாளியை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வாவிக் கரையில் வைத்துவிட்டு வந்தேன். எங்களை அவர்கள் எதிரணியாக எண்ணவே இல்லை என்ற அவமானம், தோல்வியைவிடப் பல மடங்கு பெரிது.

147 பந்தையும் முழு வேகத்தில் எறிந்த அந்த மனுசனை ஏன் இத்தனை பிடிக்கும் என்று இனிக் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இப்போது என் பிள்ளைகள் பெடியன்களோடு பயிற்சி ஆட்டம் ஆடுவதற்கு என்னிடம் ஒரே நிபந்தனை உண்டு. மெதுவாக எறிகிற பெடியன் வெளியே உட்கார வேண்டும்.

எப்ப வரலாம், என்ன கொண்டுவரணும்?

திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் நாலரை மணி. மாரியில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும், வடிந்த பிறகு தொடங்குவோம். சப்பாத்து கட்டாயமில்லை. தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். தடியும் பந்தும் நான் வைத்திருக்கிறேன். தம்பி அனுப்பிய கையுறையை ஆளுக்கு ஒருநாள் என்று முறைவைத்துப் போடலாம், போட்டவள் அன்று போகுமுன் மண்ணைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு துளி பூசி வைக்க வேண்டும். இந்தக் கிழமை முறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுடையது.